அழைப்பை ஏற்கவும் ஒரு விலையா?

தூது என்பது தமிழர்க்குப் புதியதொன்றன்று. வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பிற்காலப் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும், ஏன், தமிழையுமே தூதாக விடுத்தனர். தூது இலக்கியத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களிடம் நான் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. தூது விடுத்தவர் அதற்கென ஓர் அன்னத்தைத் தேடினார், கிளியைப் புகழ்ந்தார், மேகத்திடம் மன்றாடினார். தூதைப் பெற வேண்டியவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. செவியைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவே. செய்தி அனுப்புவோர் பாடுபட, பெறுவோர் எளிதே பெறுவதுதான் தூதின் இயல்பு.

இவ்வியல்பு இந்நாளில் நம் நாட்டில் மாறி வருகிறது. அழைப்பவரிடம் மட்டுமன்றி, அழைப்பை ஏற்க விழைபவரிடமும் திங்கள்தோறும் விலை கேட்கப்படுகிறது. தொலைத்தொடர்புத் துறையில் தாராளமயம் நமக்குத் தந்த நன்மைகள் பல. அவற்றை மறுப்பது நன்றி கொல்லும் செயலாகும். ஆயினும் அந்நன்மைகளுள் தலையாயதான ஒன்று, ஏழை எளியோர் கையிலிருந்து ஓசையின்றிப் பறிபோகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காத்திருந்த காலம்

எங்கள் ஊர்ப் பக்கம், பொருள் தேடிக் கடல் கடந்து சென்றவரைச் ‘சபுராளி’ என்பர். என் அத்தாவும் ஒரு சபுராளியே. வளைகுடா நாட்டிலிருந்து அவர் எழுதும் கடிதம் எங்கள் கைக்கு வந்து சேரப் பத்து நாளேனும் ஆகும். சில வேளை கடிதத்துக்கு மாற்றாக ஒலிநாடா வரும். ஊருக்கு வரும் யாரேனும் ஒருவர் அதைக் கொண்டு வந்து தருவார். குடும்பமே கூடி அமர்ந்து, அத்தாவின் குரலைக் கேட்டு அழுதும் சிரித்தும் இருந்த மாலைகள் இன்றும் என் நெஞ்சில் பசுமையாக உள்ளன.

எங்கள் தெருவில் தொலைபேசி இருந்தது ஒரே வீட்டில்தான். மளிகைக் கடைக்காரரின் வீடு அது. எங்கள் முகவரிக்குக் கீழே அவ்வீட்டு எண்ணை எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘பி.பி.’ என்று குறிப்போம். அந்த இரண்டெழுத்தின் பொருளை இன்றைய மாணவர் அறியார். ‘இந்த எண் எங்களுடையதன்று, ஆயினும் அழைத்தால் எங்களைக் கூப்பிட்டு விடுவார்கள்’ என்பதே அதன் பொருள். வெள்ளிக்கிழமை இரவில் அத்தா அழைப்பார். “கூப்பிட்டு வையுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பேசுகிறேன்” என்று சொல்லி வைத்துவிடுவார். கடைக்காரரின் மகன் ஓடி வந்து, “உங்க அத்தா போன்ல இருக்காங்க” என்பான். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விரைவார். அந்த அழைப்பைப் பெற நாங்கள் யாருக்கும் ஒரு காசும் தந்ததில்லை. கடைக்காரரும் கேட்டதில்லை, அரசும் கேட்டதில்லை.

அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையில் அது பற்றாக்குறைக் காலமே ஆகும். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஆயினும், நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து 1991 பிறந்தபோதும், நாடு முழுமைக்கும் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 50 லட்சமே. நூறு பேருக்கு ஓர் இணைப்புகூட இல்லை. பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோர் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர். முன்பணம் கட்டி முந்திப் பெறுவதற்கு ‘ஓ.ஒய்.டி.’ என்றொரு திட்டம் இருந்தது. அத்திட்டத்தில் சேர்ந்தோரும் காத்திருந்தனர். தொலைபேசி ஆடம்பரப் பொருள் என்னும் எண்ணமே ஆட்சியாளரிடம் மேலோங்கியிருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அத்துறை முழுவதையும் அரசின் முற்றுரிமையாக வைத்திருந்தது. போட்டி இல்லாத இடத்தில் விரைவும் இல்லை. குறை கேட்பாரும் இல்லை.

கதவு திறந்த கதை

கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. முதலில் திறந்தவர்கள் வணிகரும் அல்லர். 1984-இல் அரசு நிறுவிய ‘சி-டாட்’ என்னும் ஆய்வு மையம், சாம் பிட்ரோடாவின் வழிகாட்டுதலில், நம் நாட்டின் வெப்பத்தையும் புழுதியையும் தாங்கும் சிறிய ஊரக இணைப்பகங்களை வடிவமைத்தது. குளிர்சாதனம் இன்றியே அவை இயங்கின. 1980-களின் பிற்பகுதியில் எஸ்.டி.டி. பூத்துகள் ஊர்தோறும் முளைத்தன. மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு அவற்றை நடத்த முன்னுரிமை தரப்பட்டது. கண்ணாடிக் கூண்டும், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரும், இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்று காத்து நின்ற வரிசையும் நாற்பதைக் கடந்தோர் யாவரும் அறிந்த காட்சிகளே. சொந்தத் தொலைபேசி இல்லாதவரும் தொலைபேசியைப் பயன்படுத்தலாம் என்பதை நிலைநாட்டியவை அப்பூத்துகளே.

1991-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. 1994-இல் முதலாம் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1997-க்குள் கேட்டவர்க்கெல்லாம் தொலைபேசி, எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்று அக்கொள்கை உறுதி கூறியது. 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு அதுவே. அந்நாளில் நெரிசல் நேரக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மாணவர்கள் இச்செய்தியை நினைவில் இருத்த வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

தொடக்கம் தடுமாற்றமாகவே இருந்தது. உரிமம் பெறுவதற்காக நிறுவனங்கள் தாங்க இயலாத தொகையை ஏலத்தில் கூறிவிட்டு, பின்னர்ச் செலுத்த இயலாமல் தவித்தன. 1997-க்கான இலக்குகள் நிறைவேறவில்லை என்பதை 1999-இல் வெளியான புதிய தொலைத்தொடர்புக் கொள்கையே ஒப்புக்கொண்டது. அக்கொள்கைதான் திருப்புமுனையாக அமைந்தது. நிலையான உரிமத் தொகை கைவிடப்பட்டு, வருவாயில் ஒரு பங்கை அரசுக்குச் செலுத்தும் முறை வந்தது. அதற்கு முன்பே, 1997-இல், நாடாளுமன்றச் சட்டத்தின் வழி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது. ஆட்டக்காரராகவும் நடுவராகவும் அரசே இருந்த நிலை இதனால் மாறத் தொடங்கியது. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளில் இருந்த முற்றுரிமை முடிவுக்கு வந்தது. சபுராளிக் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

2003 மே மாதத்தில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. அழைப்பவரே கட்டணம் செலுத்த வேண்டும். ஏற்பவர்க்குக் கட்டணம் இல்லை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. சிறு மாற்றம் போலத் தோன்றும் இதுவே கைப்பேசியை எளியோர் கைக்குக் கொண்டு சேர்த்தது. கையில் காசில்லாதவரும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, தம்மை அழைப்போர்க்காகக் காத்திருக்கலாம் என்ற நிலை உருவாயிற்று. தச்சரும் கொத்தனாரும் மின்பணியாளரும் வேலைக்கு அழைப்பு வரும் என்று நம்பிக் கைப்பேசி வாங்கினர். 2003 மார்ச்சில் ஏறத்தாழ 1.3 கோடியாக இருந்த கைப்பேசி இணைப்புகள், 2010 மார்ச்சில் 58 கோடியைக் கடந்தன.

பெற்ற பயன்

சந்தையைத் திறந்ததனால் விளைந்த நன்மையை ஒரு சான்று கொண்டு விளக்கலாம். 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாகப் பரவியது. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் அப்பகுதி மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார். கைப்பேசி வருமுன், ஒரு துறையில் வாங்குவாரின்றி மீனைக் கடலில் கொட்டுவர். சில கல் தொலைவிலுள்ள மற்றொரு துறையில் மீன் கிடையாமல் மக்கள் திரும்புவர். கைப்பேசி வந்தபின், படகிலிருந்தே விலையைக் கேட்டறிந்து மீனவர் கரை சேர்ந்தனர். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர்க்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் ஒருசேர நன்மை விளைந்தது. அரசின் முற்றுரிமை தொடர்ந்திருந்தால் அம்மீனவர் கையில் கைப்பேசி எப்போது வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எனவே, பழைய முற்றுரிமையே மேல் என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வரிசையில் நின்றவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன்.

ஆனால் இவ்வரலாற்றில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். கட்டுப்பாடுகள் நீங்கியதால் நன்மை விளைந்தது என்று பலரும் எழுதுகின்றனர். அது பாதி உண்மையே. அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியால் வந்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்ததும் விதியால்தான். அவ்வசதியை நிறுவனங்கள் தாமாக விரும்பித் தந்துவிடவில்லை. சந்தை ஓடுவதற்கு வாய்க்கால் வேண்டும். வாய்க்காலுக்குக் கரை வேண்டும். கரையின்றி ஓடும் நீர் மேட்டு நிலத்துக்கும் பயன்படாது, பள்ளத்தையும் பாழாக்கும்.

மெல்லச் சாத்தப்படும் கதவு

ஒரு காலத்தில் ஒவ்வொரு வட்டத்திலும் எட்டு, பத்து நிறுவனங்கள் போட்டியிட்டன. 2008 ஜனவரியில் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று இரத்துச் செய்தது. அது தொடர்பான குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோரைச் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுவித்தது. அவ்வழக்கின் அரசியலுக்குள் நான் புகவில்லை. அதற்குப் பின் அலைக்கற்றை ஏலத்தின் வழியே விற்கப்படலாயிற்று. நிறுவனங்களின் கடன் சுமையும் ஏறியது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இலவச அழைப்புகளுடனும் தொடக்கத்தில் இலவச இணையத்துடனும் சந்தைக்குள் நுழைந்தது. மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் தவறில்லை. இணையம் ஏழை மாணவர்க்கும் எட்டியது அதன் பின்னரே. ஆனால் அந்த விலைப்போரில் பல நிறுவனங்கள் வீழ்ந்தன. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் நொடித்தது. நம் மாநிலத்தில் இலட்சக்கணக்கானோரின் கைப்பேசிகள் அலைவரிசையின்றி ஊமையாயின. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கடைவாசல்களில் மக்கள் கூட்டங்கூட்டமாக நின்றதை நாம் கண்டோம். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டாட்டாவின் கைப்பேசிச் சேவை ஏர்டெல்லுடன் கலந்தது.

விளைவு யாது? நாட்டிலுள்ள கைப்பேசி இணைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று இரண்டே நிறுவனங்களிடம் உள்ளது. மூன்றாவது தனியார் நிறுவனம் கடனில் தத்தளித்து, அரசையே பெரும் பங்குதாரராக ஏற்கும் நிலைக்கு வந்தது. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். கைப்பேசிச் சேவையைத் தொடங்கியதே 2002-இல்தான். 2020-இல் அதன் ஊழியர் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். நான்காம் தலைமுறைச் சேவையை நாடளாவிய அளவில் அது தொடங்கியது 2025 செப்டம்பரிலேயே ஆகும். மற்றவர் ஓடி முடித்த பந்தயத்தில் அது நடக்கத் தொடங்கியது.

2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு மாறினர். மாற்று என ஒன்று இருந்தால் மக்கள் அதை நாடுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வரும் அழைப்புக்கு வந்த விலை

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருகிறேன்.

அழைப்பவரே செலுத்தும் முறையின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், முதல் நிறுவனம் இரண்டாம் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என ஒரு தொகை தரும். எனவே, யாரையும் அழைக்காமல், வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கும் ஏழை வாடிக்கையாளரும் தம் நிறுவனத்துக்குச் சிறு வருவாயை ஈட்டித் தந்தார். இத்தொகை 2017 அக்டோபரில் 14 காசிலிருந்து 6 காசாகக் குறைக்கப்பட்டது. 2021 ஜனவரி முதல் அறவே நீக்கப்பட்டது. அதன் நன்மை அழைப்போர்க்குக் கிட்டியது. ஆனால், அழைப்பை ஏற்பதற்காக மட்டும் கைப்பேசி வைத்திருந்தவர் அதன்பின் நிறுவனத்தின் கண்ணுக்குச் சுமையாகத் தெரிந்தார்.

2018-இன் இறுதியில், நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற முறையைப் புகுத்தத் தொடங்கின. 28 நாளுக்கு 35 ரூபாய் செலுத்தினால்தான் அழைப்புகள் வரும் என்றன. கணக்கில் இருப்பு உள்ளவரின் சேவையைத் துண்டிக்கக் கூடாது என ஆணையம் அப்போது அறிவுறுத்தியது. ஆயினும் முறை நிலைத்துவிட்டது. தொகை படிப்படியாக ஏறியது. 2024 ஜூலையில் இரண்டு பெரிய நிறுவனங்களில் அந்த 28 நாளுக்கான தொகை 199 ரூபாயாயிற்று. ஆறாண்டுக்குள் ஐந்து மடங்குக்கு மேல்!

ஏன் 28 நாள்? முப்பது நாள் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செலுத்தினால் போதும். 28 நாள் என்றால் பதின்மூன்று முறை செலுத்த வேண்டும். வானத்து மதிக்கும் இல்லாத பதின்மூன்றாம் திங்களை வணிகர் படைத்துவிட்டனர். முப்பது நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என ஆணையம் 2022 ஜனவரியில் ஆணையிட நேர்ந்தது.

199 ரூபாய் வீதம் பதின்மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 2,587 ரூபாய். நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் திங்களுக்கு 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கில் பார்த்தால், ஆண்டில் இரண்டு மாத ஓய்வூதியத்துக்கும் மேற்பட்ட தொகை, யாரையும் அழைக்காத ஒரு மூதாட்டி ‘யாரேனும் அழைத்தால் ஏற்பதற்காக’ மட்டும் செலவாகிறது.

சென்ற கல்வியாண்டில், எங்கள் துறையின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தவரிடம் காரணம் கேட்டேன். பெற்றோர் இல்லாத அவரை வளர்த்தவர் பாட்டி. சிற்றூரில் தனியே வாழ்கிறார். மூன்று நாளாகப் பாட்டிக்கு அழைப்புச் செல்லவில்லை. என்னவோ ஏதோ என்று அஞ்சி, இருந்த பணத்தையெல்லாம் பேருந்துக்குச் செலவிட்டு இரவோடு இரவாக ஊருக்கு ஓடியிருக்கிறார். பாட்டி நலமாகத் திண்ணையில் அமர்ந்திருந்தார். கைப்பேசியும் மின்னேற்றத்துடன் அருகிலேயே இருந்தது. ரீசார்ஜின் நாள் முடிந்திருந்தது, அவ்வளவே. “நீதான் என்னைய மறந்துட்டேன்னு நெனச்சேன்டா” என்றாராம் பாட்டி. மாணவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. அன்று பாட்டி நலமாக இருந்தார். நலமின்றி இருந்திருந்தால்?

தொலைபேசியே இல்லாத என் அம்மாவுக்குக் கடல் கடந்து வந்த அழைப்பு இலவசமாகக் கிடைத்தது. கையிலேயே கைப்பேசி வைத்திருக்கும் அந்தப் பாட்டிக்குப் பக்கத்து நகரத்திலிருந்து வரும் பேரனின் குரல் கிடைக்கவில்லை. இதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

குரல் மட்டுமா? வங்கிக் கணக்கு, ஆதார், மாணவர் உதவித்தொகை என அனைத்துக்கும் இன்று கைப்பேசி எண்ணே அடையாளம். ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் வராவிடில் வாசல் திறப்பதில்லை. அந்நாளில் வீட்டு முகவரி எப்படியோ, இந்நாளில் கைப்பேசி எண் அப்படி. முகவரியைத் தக்கவைத்துக்கொள்ள அஞ்சலகம் எவரிடமும் வாடகை கேட்டதில்லை.

அஞ்சல் வரலாறே நமக்குப் பாடமாகிறது. அஞ்சல்தலைகள் பரவுமுன் கடிதத்தைப் பெறுபவரிடமே கட்டணம் வாங்கும் வழக்கம் இருந்தது. காசில்லாதவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினர். 1854-இல் நம் நாட்டில் ஒரே சீரான கட்டணமும் அஞ்சல்தலையும் வந்தபின்னரே கடிதம் எளியோர்க்கும் உரியதாயிற்று. அனுப்புவோரே செலுத்துக என்னும் அந்நெறியை அஞ்சல் துறை 1854-இல் கற்றது. கைப்பேசி 2003-இல் கற்றது. கற்றதைப் பதினைந்தே ஆண்டுகளில் மறந்தது.

மறுப்பும் விடையும்

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. கோபுரம் அமைப்பதற்கும் அலைக்கற்றை வாங்குவதற்கும் அவை பெருந்தொகை முதலீடு செய்துள்ளன. நம் நாட்டுக் கட்டணம் உலகின் மிகக் குறைந்த கட்டணங்களுள் ஒன்று என்பதும் உண்மையே. பயன்படுத்தாத எண்ணைத் தக்கவைக்கவும் செலவு உண்டு. இலவசம் என்று எதுவும் இல்லை. யாரோ ஒருவர் அதற்கான விலையைச் செலுத்தியே ஆக வேண்டும் என்பர். இவ்வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால், அந்த யாரோ ஒருவரை அரசு முன்பே கண்டறிந்துவிட்டது. நிறுவனங்கள் தம் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 5 விழுக்காட்டை அனைவர்க்குமான சேவை நிதியத்துக்குச் செலுத்தும் முறை 2002 ஏப்ரலிலேயே தொடங்கியது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதனை ‘டிஜிட்டல் பாரத் நிதி’ எனப் பெயர் மாற்றியது. சந்தை சென்றடையாத மக்களுக்குச் சேவையைக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அந்நிதியத்தில் திரண்ட தொகையில் பல்லாயிரம் கோடி ரூபாய் நெடுங்காலம் செலவிடப்படாமலே இருந்தது. அப்பணத்தால் மலைக்கும் காட்டுக்கும் கோபுரம் போவது நன்று. கோபுரத்தின் நிழலிலேயே அமர்ந்து அழைப்பின்றி வாடும் மூதாட்டியும் சந்தை சென்றடையாதவரே என்பதை உணர்தல் வேண்டும். தொலைவு மட்டுமே ஒருவரைச் சேவையிலிருந்து விலக்குவதில்லை. விலையும் விலக்குகிறது.

இணையம் வேண்டாதார்க்குக் குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்று வேண்டும் என ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. பாராட்டத்தக்க விதி. அதன்படி 2025 ஜனவரியில் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட திட்டங்களின் விலையோ 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேலும், ஓராண்டுக்கு 1,700 ரூபாய்க்கு மேலுமாக அமைந்தது. கட்டணத்தை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் கொள்கையை ஆணையம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்து வருகிறது. பத்து நிறுவனங்கள் போட்டியிட்ட நாளில் அது தக்க கொள்கையே. இரண்டு நிறுவனங்கள் கோலோச்சும் நாளிலும் அது தக்கதுதானா என்பதே என் வினா.

செய்யத்தக்கன

ஒன்று: வரும் அழைப்பையும் வரும் குறுஞ்செய்தியையும் அடிப்படைச் சேவையாக அறிவித்தல் வேண்டும். ஆண்டுக்கு நூறு ரூபாய் அளவில் ஒரு சிறுதொகையைச் செலுத்தினால், ஓராண்டு முழுவதும் இவ்விரண்டும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும்.

இரண்டு: முதியோர், கைம்பெண்டிர், மாற்றுத்திறனாளி ஓய்வூதியப் பட்டியலில் உள்ளோர்க்கு அச்சிறுதொகையையும் நிதியமே ஏற்றல் வேண்டும். பட்டியல் அரசிடமே உள்ளது. புதிதாக யாரும் கணக்கெடுக்க வேண்டுவதில்லை.

மூன்று: பணம் கட்டத் தவறியவரின் எண்ணைப் பிறர்க்கு வழங்குமுன் நீண்ட காலஅவகாசம் தருதல் வேண்டும். ஒருவருடைய வங்கிக் கணக்கின் திறவுகோல் மற்றொருவர் கைக்குப் போவது ஏற்கத்தக்கதன்று.

நான்கு: பொதுத்துறை நிறுவனத்தை வெறும் பேச்சளவில் அன்றி உண்மையிலேயே வலுப்படுத்துதல் வேண்டும். முற்றுரிமையை மீட்பதற்காக அன்று. சந்தையில் மாற்று ஒன்று என்றும் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே.

இவை அரசும் ஆணையமும் செய்ய வேண்டுவன. நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதி வகுக்குமுன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. நிறுவனங்கள் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றன. பாட்டியின் சார்பில் எழுதுவார் எத்தனை பேர்? நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிற்றூர்களில் முகாமிடும்போது, ஒவ்வொரு வீட்டிலும் ரீசார்ஜ் இன்றி ஊமையாகக் கிடக்கும் கைப்பேசிகள் எத்தனை என்று கணக்கெடுக்கலாம். அக்கணக்கைத் தெளிந்த தமிழில் எழுதி ஆணையத்துக்கு அனுப்பலாம். மொழி பயின்றோர் மொழியற்றோர்க்காகப் பேசுவது, அவர் கற்ற கல்விக்கு அணி சேர்ப்பதாகும். சமுதாயப் பெரியோர்களும் தம் ஊரில் தனித்து வாழும் முதியோரின் கைப்பேசி உயிருடன் இருக்கிறதா என்று கேட்டறிந்து, இயன்றதைச் செய்யலாம். ‘பி.பி.’ என்று நாம் எழுதிய காலத்தில் அடுத்த வீட்டார் அதைத்தானே செய்தனர்!

தாராளமயம் என்னும் சொல்லில் ‘தாராளம்’ இருக்கிறது. அத்தாராளம் வாங்க வல்லார்க்கு மட்டும் உரியதாயின் அச்சொல் பொருளிழந்துவிடும். வரிசையில் காத்திருந்த மக்களுக்காகவே கதவைத் திறந்தோம். திறந்த கதவின் வழியே முதியோரும் வறியோரும் உள்ளே வந்து அமர்ந்தபின், திண்ணைக்கும் வாடகை கேட்பது முறையன்று. அழைப்பவர் செலுத்தட்டும்; அழைப்பை ஏற்போர் செவி திறந்திருக்கட்டும். இதற்கு ஆவன செய்யுமாறு ஆட்சியாளரை வேண்டுவதோடு, செய்யும்வரை ஓயாது எழுதுவதும் கற்றறிந்தோர் கடனாகும்.